பதிவு செய்யத் தெரியாத பெட்டி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், உடைந்த மிக்சி ஜார்களுக்கும் ரிமோட் குவியலுக்கும் நடுவே, தார்ப்பாயின் மேல் ஒரு வாக்மேன் கிடந்தது. கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, மூடியில் கீறல், பேட்டரி அறைக்குள் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. கடைக்காரர் 300 ரூபாய் சொன்னார். "ஓடுமாண்ணே?" என்று கேட்டேன். "ஓடுனா நான் எதுக்குத் தம்பி முந்நூறுக்குக் குடுக்கப்போறேன்?" என்றார். 200 ரூபாய்க்கு முடிந்தது. எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஒரு கல்லூரி மாணவர் அதே குவியலில் கேசட் தேடிக்கொண்டிருந்தார். 19, 20 வயதிருக்கும். அவர் பிறந்த காலத்திலேயே ஊரில் கேசட் கடைகள் மூடத் தொடங்கிவிட்டன. கிடைத்த நாலு கேசட்டையும் சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

பழைய வாக்மேன், பழைய ஐபாட், மினிடிஸ்க் என்று பழைய பாட்டுக் கருவிகளைத் தேடி வாங்குகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அதெல்லாம் பழைய நினைப்பு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எண்பதுகளில் வளர்ந்த என் போன்றவர்களுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. அந்த மாணவருக்கு எப்படிப் பொருந்தும்? நினைக்க ஒன்றும் இல்லாதவரை எது இழுக்கிறது? வாக்மேன் பிறந்த கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உலகத்தில் புதுப்பொருள்கள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைக் கூடச் சேர்த்துத்தான் வரும். வாக்மேன் வந்தது, இருந்ததைப் பிடுங்கிப் போட்டதால்.

1970-களின் கடைசி. சோனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மசாரு இபுகாவுக்கு எழுபது வயது நெருக்கம். கம்பெனியின் கௌரவத் தலைவர். வெளிநாட்டுக்குப் போகும்போது விமானத்தில் பாட்டுக் கேட்டபடியே போவது அவர் வழக்கம். அதற்காகத் தங்கள் கம்பெனியின் டிசி-டி5 என்ற ஸ்டீரியோ ரெக்கார்டரைச் சுமந்துகொண்டு போவார். அருமையான கருவி, ஆனால் கனம். அப்போது சோனியிடம் 'பிரஸ்மேன்' என்றொரு சின்ன ரெக்கார்டர் இருந்தது. பத்திரிகை நிருபர்கள் பேட்டி எடுக்க வசதியாகக் கையடக்கமாகச் செய்தது, மோனோ ஒலிதான். இதையே பாட்டு மட்டும் கேட்கிற மாதிரி ஸ்டீரியோவாக மாற்றித் தர முடியுமா என்று துணைத் தலைவர் நோரியோ ஓகாவிடம் இபுகா கேட்டார். ஓகா அதை டேப் ரெக்கார்டர் பிரிவின் பொறுப்பாளர் கோசோ ஓசோனேவிடம் சொன்னார்.

ஓசோனேவின் ஆட்கள் பிரஸ்மேனைத் திறந்தார்கள். பதிவு செய்யும் பாகங்களை எடுத்தார்கள். ஸ்பீக்கரை எடுத்தார்கள். காலியான இடத்தில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தினார்கள். இபுகா கேட்டார், சொக்கிப்போனார், நேரே கூட்டாளி அகியோ மோரிடாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். 1979 பிப்ரவரியில் மோரிடா கூட்டம் போட்டு, கோடை விடுமுறைக்குள் இது கடைக்கு வரவேண்டும், விலை 40,000 யென்னுக்குள் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். கையில் இருந்தது நாலு மாதம்.

கம்பெனிக்குள்ளேயே பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. பதிவு செய்யாத டேப் ரெக்கார்டரைக் காசு கொடுத்து எவன் வாங்குவான் என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் டேப் ரெக்கார்டர் என்றாலே பேச்சையும் பாட்டையும் பிடித்து வைக்கிற பெட்டிதான், பெயரே அப்படித்தானே இருக்கிறது. மோரிடா சொன்ன பதில் எளிமையானது: காரில் இருக்கிற ஸ்டீரியோ பதிவு செய்வதில்லை, ஆனாலும் லட்சக்கணக்கான பேர் வாங்குகிறார்களே.

ஜூன் 22-ஆம் தேதி நிருபர்களைப் பஸ்ஸில் ஏற்றி, டோக்கியோவின் யோயோகி பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். ஆளுக்கொரு வாக்மேனைக் கையில் கொடுத்தார்கள். இந்தப் பெட்டி என்ன என்ற விளக்கமே உள்ளே இருந்த கேசட்டில் ஓடியது. எதிரே இளைஞர்கள் காதில் ஹெட்ஃபோனோடு சறுக்குச் சக்கரத்திலும் சைக்கிளிலும் சுற்றி வந்தார்கள். ஜூலை 1 அன்று டிபிஎஸ்-எல்2 என்ற எண்ணோடு முதல் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. நீலமும் வெள்ளியுமாக உலோக உடம்பு, உள்ளே இரண்டு ஏஏ பேட்டரி, விலை 33,000 யென். செய்து வைத்திருந்தது 30,000. முதல் மாதம் விற்றது 3,000 மட்டும். பயந்தவர்கள் சொன்னது பலித்துவிட்டது என்றே தோன்றியிருக்கும். ஆகஸ்ட் முடிவதற்குள் அத்தனையும் தீர்ந்துபோனது.

அந்த முதல் பெட்டியில் என்னை மிகவும் தொட்டது அதன் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள். வீட்டில் தனியாக மாட்டிக்கொண்டு கேட்டபோது மனைவி ஒதுக்கப்பட்டதுபோல் உணர்ந்தார், அதனால் இரண்டாவது துளை வைக்கச் சொன்னேன் என்று மோரிடா எழுதியிருக்கிறார். இன்னொரு ஏற்பாடும் உண்டு. மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறையும், பெட்டியிலேயே இருக்கிற சின்ன மைக் வழியாக எதிரில் இருப்பவர் பேச்சு காதில் விழும். மனிதர்கள் காதை மூடிக்கொண்டு தனித்தனித் தீவாகிவிடுவார்களோ என்ற கவலை, அதைச் செய்தவர்களுக்கே முதலில் இருந்திருக்கிறது. பின்னால் வந்த மாடல்களில் ஆரஞ்சுப் பொத்தான் காணாமல் போனது. நாம் தீவாகிப் பழகிவிட்டோம்.

இந்த இடத்தில் ஆண்ட்ரியாஸ் பாவெல் என்பவரையும் சொல்லாமல் போவது சரியில்லை. ஜெர்மனியில் பிறந்து பிரேசிலில் வளர்ந்தவர். உடம்பில் கட்டிக்கொண்டு கேட்கிற ஸ்டீரியோ ஒன்றை வடிவமைத்து, 1977-இலேயே இத்தாலியில் காப்புரிமை கோரினார். சோனியோடு பல்லாண்டு வழக்காடினார், 2000-களில்தான் சமரசம் ஏற்பட்டது. யோசனை அவருக்கும் உதித்தது. அதைக் கோடிக்கணக்கான சட்டைப்பைகளுக்குக் கொண்டுபோனது சோனி.

சட்டைப்பை என்றதும் கேசட்டின் கதையும் வந்துவிடுகிறது. பிலிப்ஸ் கம்பெனியின் பொறியாளர் லூ ஓட்டன்ஸ், தன் கோட்டுப் பைக்குள் அடங்குகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு, கருவி இதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்று முடிவுகட்டியவர். அவர் குழு செய்த கேசட் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியானது. 3.81 மில்லிமீட்டர் அகல நாடா. ஸ்டீரியோ கேசட்டில் அதற்குள் பக்கத்துக்கு இரண்டாக நான்கு தடங்கள், ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர். 90 நிமிட கேசட்டில் இருக்கிற நாடாவின் தடிமன் சுமார் 12 மைக்ரான், நம் தலைமுடியின் தடிமனில் ஐந்தாறில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் படிக்கட்டில் தொங்கியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து அந்த 200 ரூபாய் வாக்மேனைத் திறந்தேன். முதுகில் ஐந்து சின்ன ஸ்க்ரூ. பழைய வாக்மேன் பெரும்பாலும் செத்துப்போவது ஒரே காரணத்தால்தான், பெல்ட். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற அந்த ரப்பர் வளையம் வருஷக்கணக்கில் கிடந்தால் தளர்ந்துபோகும், சிலவற்றில் உருகித் தாராகிவிடும். இதில் தாராகியிருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து நனைத்துத் துடைத்ததில் ஒரு டப்பா குச்சி காலி. விரல்களில் ஒட்டிய கறுப்பு இரண்டு நாள் போகவில்லை. பேட்டரி அறை உப்புக்கு எலுமிச்சைச் சாறு. ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது காரம், அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைந்துவிடும். கம்பியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். பெல்ட்டுக்கு ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் பழைய பெல்ட்டின் எச்சத்தைப் பார்த்தார், விரலால் சக்கரத்தின் சுற்றளவைக் கணக்குப் போட்டார், டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். 30 ரூபாய்.

மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். ஓடியது. ஆனால் பாட்டு இறங்கியிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நாடாவிலிருந்து ஒலியை எடுக்கிற பாகத்துக்கு ஹெட் என்று பெயர். கேசட் நாடா அதைக் கடந்துபோகும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். இந்த வேகத்தைக் காப்பது கேப்ஸ்டன் என்ற மெல்லிய எஃகுக் கம்பியும், நாடாவை அதோடு சேர்த்து அழுத்துகிற ரப்பர் உருளையும். கம்பியின் அடியில் கனமான ஒரு சக்கரம், ஓட்டம் தடுமாறாமல் இருப்பதற்காக. வேகம் 6 சதவீதம் குறைந்தால் போதும், பாட்டு முழுவதும் ஒரு ஸ்வரஸ்தானம் கீழே இறங்கிவிடும். பேட்டரி தீர்ந்த வாக்மேனில் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இழுக்குமே, அதற்குக் காரணம் இதுதான். மோட்டாரின் முதுகில் ஒரு பொடித் துளை, அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. அதே பாட்டைப் போனில் ஓடவிட்டு, ஒரு காதில் அது, ஒரு காதில் இது, கடிகார ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதுபோல. இரண்டும் ஒன்றாகக் கூடிய அந்த நொடியில் அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், ஆனாலும் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

இந்தப் பெட்டிகளின் ஈர்ப்பில் பாதி இதில் இருக்கிறது என்பேன். அவை நம்மை உள்ளே விடுகின்றன. எது எதைச் சுற்றுகிறது, எது எங்கே தட்டுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். படித்தவர், படிக்காதவர், பெல்ட் விற்கும் பெரியவர் எல்லோருக்கும் புரிகிற நியாயத்தில் ஓடுகின்றன. இன்றைய போனின் முதுகைத் திறக்கச் சூடும் உறிஞ்சுக் கிண்ணமும் வேண்டும், திறந்தாலும் பார்க்க ஒன்றும் இல்லை.

மற்ற பாதி, பாட்டு. அதுவும் இயந்திரத்தின் இயலாமையோடு ஒட்டிக்கொண்டது.

எண்பதுகளில் தமிழ்நாட்டில் வாக்மேன் எல்லோர் கையிலும் இல்லை. கல்ஃபிலிருந்து வருகிற மாமா கொண்டுவருவார், இல்லையென்றால் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கவேண்டும். ஆனால் ரெக்கார்டிங் சென்டர் எல்லா ஊரிலும் இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வரிசை எண் போட்டுப் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுக்கவேண்டும். 60 வேண்டுமா 90 வேண்டுமா, டிடிகேவா சோனியா மெல்ட்ராக்கா என்று கேட்பார்கள். நாலு நாள் கழித்து வரச்சொல்வார்கள். கேசட் அட்டையில் குண்டு குண்டான எழுத்தில் பாட்டின் முதல் வரிகளை எழுதித் தருவார்கள். பட்டியலில் எதை முதலில் போடுவது, எதற்குப் பின் எது வந்தால் நன்றாயிருக்கும், சோகப் பாட்டை ஏ பக்கத்தில் போடுவதா பி பக்கத்திலா என்று வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும். 90-இலும் பக்கத்துக்கு 45 நிமிஷம்தான். எதையாவது வெட்டியே ஆகவேண்டும். என் அப்பா இரண்டு பாட்டுக்கு நடுவில் எதை விடுவது என்று முடிவுசெய்ய ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார்.

கணக்கு எப்போதும் சரியாக வராது. கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில் நாடா தீர்ந்து 'டக்' என்று நின்றுவிடும். எங்கள் வீட்டுக் கேசட் ஒன்றில் அப்படி நின்ற ஒரு பாட்டை, நாடா ஓடிய வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதன் முடிவை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. ஏதோ வேறு பாட்டைக் கொண்டுவந்து ஒட்டியதுபோல் இருந்தது. இன்றும் சில பாட்டுகள் முடிந்தவுடன், எங்கே கேட்டாலும் சரி, அந்தக் கேசட்டில் அடுத்து வந்த பாட்டின் முதல் வயலின் மனசுக்குள் தானாகக் கிளம்பிவிடும். வரிசை நமக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. மாற்ற முடியாததால் இறங்கியது.

பேட்டரியைக் காப்பாற்ற, கேசட்டின் பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றி ரீவைண்ட் செய்வோம். தீர்ந்த பேட்டரியை மொட்டை மாடி வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு பாட்டுக் கேட்போம். யாராவது தெரியாமல் மேலே பதிந்துவிடக்கூடாது என்று கேசட்டின் முதுகில் இருக்கிற பிளாஸ்டிக் பல்லை உடைப்போம். மனசு மாறினால் அந்தக் குழியில் செல்லோ டேப் ஒட்டிவிட்டால் மறுபடி பதியலாம்.

யாழ்ப்பாணத்தார் இதைவிடப் பெரிய கதை வைத்திருக்கிறார்கள். 1990-களின் முதல் பாதியில் பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, பேட்டரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வருகிற மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள், கேசட் போட்டுப் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் சத்தமும் தளரும். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த யாரிடம் பேசினாலும் இது வந்துவிடும். எங்கிருந்து கொடுத்தாலும் சரி, கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் போதும், அந்தப் பெட்டி பாடும். இணையம் கேட்காது, கடவுச்சொல் கேட்காது, சந்தா முடிந்துவிட்டது என்று சொல்லாது.

ஒலித் தரத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கேசட்டின் ஒலி உயர்ந்தது என்று சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாடாவின் இரைச்சல் உண்டு, ஓட்டத்தில் தடுமாற்றம் உண்டு, உச்ச ஸ்தாயி ஓசைகள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேய்கின்றன. சோனியின் டபிள்யூஎம்-டி6சி போல, மோட்டாரின் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு கட்டுப்படுத்திய உயர்ரகக் கருவிகள் விதிவிலக்கு. வானொலி நிருபர்கள் நம்பித் தூக்கிப்போன பெட்டி அது. சாதாரண வாக்மேனில் கேட்டு, "ஆஹா, என்ன துல்லியம்" என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அந்த இரைச்சலில் ஓர் அணைப்பு இருக்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். அந்த 'ஸ்ஸ்' தொடங்கி, பாட்டு வருவதற்கு முன்னால் இரண்டு நொடி இருக்குமே, அதற்காகவே கேட்கலாம்.

மினிடிஸ்க்கை நம் ஊரில் பார்த்தவர்கள் குறைவு. 1992-இல் சோனி கொண்டுவந்தது. 7 சென்டிமீட்டர் சதுர உறைக்குள் குட்டித் தட்டு. ஜப்பானில் நன்றாக ஓடியது, மற்ற இடங்களில் வேர் பிடிக்கவில்லை. கருவிகளை 2013-இல் நிறுத்தினார்கள், வெற்றுத் தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில்தான் நிறுத்தினார்கள். கருவி போய் பன்னிரண்டு வருஷம் தட்டு மட்டும் விற்றிருக்கிறது என்றால், அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்கவேண்டும்.

ஐபாட் கதை எனக்கு இன்னும் சுவையானது. 2001 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதல் ஐபாடில் 5 ஜிபி, ஆயிரம் பாட்டு. கேசட்டின் இயலாமை எதுவும் அதில் இல்லை. வேண்டிய பாட்டுக்கு நேராகப் போகலாம், வரிசையைக் கலைக்கலாம். அப்படியிருந்தும் இன்று அதையும் தேடுகிறார்கள். 2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடைத் திறந்து, உள்ளே சுழலும் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்தி, பெரிய பேட்டரி போட்டுப் புதுப்பிக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஏன்? பாட்டுக்கு நடுவே அது நம்மை வேறெதற்கும் கூப்பிடாது என்பதால்தான். பாட்டுக் கேட்க எடுத்த போனில் ஒரு செய்தி மின்னும், அதைத் திறந்தால் இன்னொன்று, அரைமணி நேரம் கழித்து எதற்கு எடுத்தோம் என்பதே மறந்திருக்கும். ஐபாடில் அந்தக் கதவுகளே இல்லை. பெருவிரலால் சக்கரத்தைச் சுற்றுகிறோம், பெயர்கள் ஓடுகின்றன, ஒன்றில் நிற்கிறோம், கேட்கிறோம். 2022 மே மாதம் ஆப்பிள் ஐபாட் வரிசையையே முடித்துக்கொண்டது. அதன் வேலையைப் போன் செய்துவிடும் என்பது காரணம். வேலையைச் செய்கிறதுதான், கூடவே வேறு நூறு வேலையையும் செய்கிறது.

கேசட் வாக்மேனை ஜப்பானில் சோனி நிறுத்தியது 2010-இல். அதற்குள் 20 கோடிக்கு மேல் விற்றிருந்தது. முதல் மாடல் டிபிஎஸ்-எல்2, 2014-இல் ஒரு ஹாலிவுட் விண்வெளிப் படத்தில் நாயகனின் இடுப்பில் தொங்கியது. அதற்குப் பிறகு அதன் விலை எங்கோ போய்விட்டது. ஜப்பானில் ஹார்டு ஆஃப் என்ற பழம்பொருள் கடைகளில் 'ஜங்க்' என்று எழுதிய கூடைகளைக் கிளறுகிறவர்களுக்கு இப்போது போட்டி அதிகம். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: பெயர்பெற்ற மாடலுக்காகப் பணத்தைக் கொட்டவேண்டாம். சோனியின் டபிள்யூஎம்-டிடி வரிசை அழகுதான், ஒலியும் அழகு. ஆனால் அதன் நடுப் பல்சக்கரம் வயதாகிப் பிளந்து 'டிக் டிக்' என்று தட்டும் என்பது அதை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வியாதி. எளிமையான, பெல்ட் மாற்றினால் ஓடிவிடுகிற பெட்டியில் தொடங்குவது நல்லது. வாங்கும்போது ரப்பர் உருளையை விரல் நகத்தால் அழுத்திப் பார்க்கவேண்டும். கல்லாக இறுகியிருந்தால் அது நாடாவைத் தின்னும்.

புதுக் கருவிகளும் வருகின்றன. சீனாவின் ஃபியோ கம்பெனி சிபி13 என்றொரு பிளேயரை 2024-இல் கொண்டுவந்தது, பார்த்தாலே முதல் வாக்மேனின் பேரப்பிள்ளை என்று தெரியும். பிரான்சில் 'வீ ஆர் ரீவைண்ட்' என்றொரு கம்பெனி. நல்ல முயற்சிகள், இவர்கள் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் 1983-இல் சோனி செய்த டபிள்யூஎம்-20, கேசட் டப்பா அளவே இருந்தது. கேசட் போடும்போது உடம்பை இழுத்து நீட்டிக்கொள்ளும். அந்த அளவுக்கு இன்று யாராலும் செய்ய முடியவில்லை. அந்தச் சின்னச் சின்னச் சக்கரங்களுக்கான அச்சுகளும் செய்த தொழிற்சாலைகளும் போய்விட்டன. இரைச்சலைக் குறைக்கிற டால்பி வசதியும் புதியவற்றில் கிடையாது. ஒரு கைவினை அறுந்துபோனால் பணம் இருந்தாலும் திரும்பாது என்பதற்குத் தறியையும் வெண்கல வார்ப்பையும் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டு வயது. மேசைமேல் இருந்த வாக்மேனைப் பார்த்ததும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா காலத்துக் கேசட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடி மூடி வழியாகச் சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு கேட்டாள். போனை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது, பட்டன் தானாக எழும்பும் 'டக்' சத்தம் கேட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றாமலே சத்தமாகக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, பாட்டு பாதியில நின்னுடுச்சு. ரிப்பேராயிடுச்சா?"

"இல்லடா. அந்தப் பக்கம் அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மூடி திறக்கும் ஓசை, கேசட்டைத் திருப்பிப் போடும் ஓசை, மூடியை அழுத்தும் ஓசை. டீயை ஆற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு காதை எனக்குக் கொடுத்தாள்.